நாற்பதைத் தாண்டிய பிடி

இன்றைய உரையின் பொருள் ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கை. இந்தக் கோபிசெட்டிபாளையத்தை ஒட்டி ஓடும் பவானி ஆறு கூடுதுறையில் காவிரியோடு கலந்து, கல்லணை கடந்து, தஞ்சை வயல்களுக்குப் பாய்கிறது. அந்தத் தஞ்சாவூர் மாவட்டத்தின் திருச்சனம்பூண்டியிலிருந்து புறப்பட்டு, பாட்னாவிலும் மும்பையிலும் ஹரியானாவிலும் அணிகளுக்குத் தூணாக நின்று, இந்தியாவின் உலகக் கோப்பை அணியிலும் இடம்பெற்ற கபடி வீரர் தர்மராஜ் சேரலாதனே இன்றைய உரையின் நாயகர்.

கபடி வீரர்கள் பலர் இருக்க, இவரை மட்டும் எடுத்துப் பேசுவானேன்? இவருடைய ஆட்ட வாழ்க்கையை வேறு எவருடைய வாழ்க்கையோடும் எளிதில் ஒப்பிட முடியாதபடி செய்கிற ஒன்று உண்டு. அது வயது. 1975-இல் பிறந்த சேரலாதன், புரோ கபடி லீக் என்னும் தொழில்முறைப் போட்டி 2014-இல் தொடங்கியபோது 39 வயதினர். அப்போட்டியில் ஓர் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றபோது 41 வயதினர். உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் இருந்தபோதும் அதே 41. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தம் மகன் வயதுள்ள இளைஞர்களோடு தோள் சேர்த்து ஆடிக்கொண்டிருந்தபோது அவருக்கு வயது 46. மோதலும் வீழ்த்தலுமே உயிராக உள்ள ஓர் ஆட்டத்தில், பிறர் ஓய்வுபெற்றுப் பத்தாண்டு ஆன வயதில், ஒருவருடைய புகழ் தொடங்குகிறது என்றால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்க வேண்டும். ஒன்று அவருடைய கலையில் இருக்கிறது. மற்றொன்று அவருடைய காலத்தில் இருக்கிறது. முதற்காரணம் போற்றுதலுக்கு உரியது. இரண்டாவது காரணமோ வருத்தத்துக்கு உரியது. போற்றுதல் வருத்தத்தை மறைத்துவிடக் கூடாது என்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் கலையைப் பார்ப்போரின் கண்ணுக்குக் களத்தைக் காட்ட வேண்டும். ஆண்களுக்கான கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. நடுக்கோடு அதை இரண்டாகப் பகுக்க, ஒவ்வோர் அணிக்கும் ஆறரை மீட்டர் ஆழமுள்ள ஒரு பாதி கிடைக்கிறது. ஒவ்வொரு பாதியிலும் எழுவர் நிற்பர். எதிரணியிலிருந்து ஒருவர் 'கபடி, கபடி' என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டு வருவார். இவரே பாடி வருபவர், ரைடர் என்று வழங்கப்படுபவர். நடுக்கோட்டிலிருந்து மூன்றே முக்கால் மீட்டரில் ஒரு கோடு உண்டு; பாடி வருபவர் அதைத் தாண்டியாக வேண்டும். அதற்கும் ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடு உண்டு. எதிரே ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது ஒரு காலை அதற்கு அப்பால் ஊன்றி மறு காலைத் தரையிலிருந்து தூக்கினால், எவரையும் தொடாமலேயே அவருக்கு ஒரு புள்ளி. இவை யாவும் 30 நொடிகளுக்குள் முடிய வேண்டும். தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினால் தொடப்பட்டவர் வெளியேறுவார். திரும்ப விடாமல் பிடித்துவிட்டால் பாடி வந்தவர் வெளியேறுவார்.

எழுவர் நிற்கும் அந்த வளைவில் இரு ஓரங்களில் நிற்பவர்களைக் கார்னர் என்றும், அவர்களுக்கு உள்ளே, நடுவை நோக்கி நிற்பவர்களைக் கவர் என்றும் கபடிக்காரர் சொல்வர். சேரலாதன் வலது கார்னர். எழுவரில் மிகவும் தனிமைப்பட்ட இடம் அதுதான். நடுவில் நிற்பவருக்கு இருபுறமும் கை கொடுக்க ஆள் உண்டு. கார்னருக்கோ ஒரு பக்கம் மட்டுமே துணை, மறுபக்கம் எல்லைக்கோடு. பாடி வருபவர் போனஸுக்குக் கால் நீட்டுவதும் பெரும்பாலும் கார்னரின் முன்னேதான். பின்னங்கால் உதைப்பதும் அவரை நோக்கித்தான். களத்தில் முதலில் சீண்டப்படுபவர் அவர். முதலில் பிடிக்க வேண்டியவரும் அவர்.

அந்தப் பிடியைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். பாடி வருபவர் இடமும் வலமும் ஆடி, எதிரணியின் வளைவைக் கலைக்கப் பார்க்கிறார். கார்னர் முழங்கால் மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையால் பக்கத்து ஆட்டக்காரரின் கையைப் பற்றிக்கொண்டு, பார்வையை எதிராளியின் முகத்தில் வைக்காமல் இடுப்பிலும் காலிலும் வைத்திருக்கிறார். ஏனெனில் முகம் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும், உடலின் எடை எந்தக் காலில் இறங்கியிருக்கிறது என்பது மட்டும் பொய் சொல்லாது. பாடி வருபவர் போனஸ் கோட்டை நோக்கி ஒரு காலை நீட்டி, அதன்மேல் எடையை இறக்கும் கணம் ஒன்று வருகிறது. அதற்கு ஒரு கணம் முன்னே பாய்ந்தால் அவர் காலை இழுத்துக்கொண்டு, பாய்ந்தவரின் முதுகைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். ஒரு கணம் பின்னே பாய்ந்தால் கிடைப்பது வெறுந்தரை. சரியான கணத்தில் கார்னர் பக்கத்துக் கையை விட்டுவிட்டு, உடலை முழுக்கத் தாழ்த்தி, இரு கைகளாலும் கணுக்காலைச் சுற்றி வளைத்துத் தம் மார்போடு சேர்த்து இழுக்கிறார். தமிழ்நாட்டு மைதானங்களில் இதற்குக் கால் பிடி என்று பெயர். தொலைக்காட்சி வருணனையில் ஆங்கிள் ஹோல்ட். பிடித்தவர் தனியே வெல்வதில்லை. அவர் காலைப் பற்றிய அதே நொடியில் பக்கத்துக் கவர் நடுக்கோட்டுக்கும் எதிராளிக்கும் இடையே குறுக்கே விழ வேண்டும். எஞ்சியோர் மேலே வந்து சேர வேண்டும். ஒருவர் தயங்கினாலும் பாடி வந்தவர் விரல் நுனியால் கோட்டைத் தொட்டு, பிடித்த எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்.

இதில் வலிமை இல்லையா? உண்டு. ஆனால் வலிமை மட்டுமே போதும் என்றால் இருபத்திரண்டு வயது இளைஞர்களே எல்லாக் கார்னர்களிலும் நின்றிருப்பார்கள். மூத்தோர் பிரிவில் ஆடவருக்கு எடை வரம்பு 85 கிலோ என்று இருப்பதால், எடையால் எவரும் எவரையும் பெரிதாக மிஞ்சிவிட முடியாது. வேகமாகப் பாய்வதற்குத் தொடைத் தசை வேண்டும். எப்போது பாயாமல் இருப்பது என்று அறிவதற்கோ ஆண்டுகள் வேண்டும். பாடிச் செல்பவரின் உடல் முப்பது வயதைக் கடந்ததும் அவரைக் கைவிடத் தொடங்குகிறது. பிடிப்பவருக்கோ அனுபவம் ஏறஏற, வீணாகப் பாயும் பாய்ச்சல்கள் குறைகின்றன. குறையும் ஒவ்வொரு பாய்ச்சலும் உடலுக்கு ஒரு சேமிப்பு. சேரலாதன் நாற்பத்தாறு வயது வரை களத்தில் நின்றதன் கலைக்காரணம் இதுவே. அவருடைய ஆட்டத்தைக் கண்டவர்கள் நினைவில் வைத்திருப்பது அவருடைய பாய்ச்சலைக் காட்டிலும் அதற்கு முந்தைய காத்திருப்பைத்தான். மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ களத்தில் எஞ்சியிருக்கும்போது பிடித்தால் கூடுதலாக ஒரு புள்ளி கிடைக்கும் 'சூப்பர் டேக்கிள்' வேளைகளில், இளையோர் பதறும் அந்த நேரத்தில், பதறாத ஒருவர் ஓரத்தில் நிற்பது அணிக்கு எத்தனை பெரிய பலம் என்பதைக் கபடி ஆடியவர் எவரும் அறிவர்.

இனி இரண்டாவது காரணத்துக்கு வர வேண்டும். முப்பத்தொன்பது வயது வரை இந்த ஆட்டக்காரர் எங்கே இருந்தார்? அவரை நாடு ஏன் காணவில்லை?

அவர் களத்தில்தான் இருந்தார். ஆட்டம்தான் நாட்டின் கண்ணில் படாத இடத்தில் இருந்தது. கபடி 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது, அமராவதியைச் சேர்ந்த ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தாரால் உலகின் முன் ஆடிக் காட்டப்பட்டது. 1982-இல் தில்லி ஆசிய விளையாட்டில் காட்சி ஆட்டமாக இருந்து, 1990-இல் பெய்ஜிங்கில் பதக்க ஆட்டமாயிற்று. அந்த 1990 முதல் 2014 வரை நடந்த ஏழு ஆசிய விளையாட்டுகளிலும் ஆடவர் கபடித் தங்கத்தை இந்தியா ஒன்றுகூட விடாமல் வென்றது. ஏழு முறை தங்கம்! வேறெந்த அணி ஆட்டத்தில் இப்படி ஒரு தொடர்ச்சி இந்நாட்டுக்கு வாய்த்தது? ஆயினும் அந்த ஏழு அணிகளில் ஆடியவர்களின் பெயரைச் சொல்லச் சொன்னால், கபடி ஊர்களுக்கு வெளியே எத்தனை பேரால் சொல்ல முடியும்? தங்கம் வந்தது, தொழில் வரவில்லை. பதக்கம் வந்தது, பார்வையாளர் வரவில்லை.

அந்தக் காலத்தில் ஓர் ஆட்டக்காரருக்கு எஞ்சிய வழி வேலைவாய்ப்புதான். இரயில்வே, காவல்துறை, இராணுவம், வங்கிகள், மின்வாரியம் போன்ற நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆட்களை எடுத்துத் தங்கள் பெயரில் அணிகள் வைத்திருந்தன. ஊர்த் திருவிழாவிலும் பொங்கலிலும் நடக்கும் தொடர்போட்டிகளில் நன்றாக ஆடினால் நிறுவனத்தார் கண்ணில் படலாம். கண்ணில் பட்டால் வேலை கிடைக்கலாம். வேலை கிடைத்தால் தொடர்ந்து ஆடலாம். 'லாம்' என்று முடியும் இந்த மூன்று வாய்ப்புகளில் ஏதேனும் ஒன்று தவறினாலும் ஆட்டக்காரர் வயலுக்கோ, பட்டறைக்கோ, வெளிநாட்டுக்கோ போய்விடுவார்; அவருடைய கால் பிடி அவரோடு போய்விடும்.

இந்தப் பாதையில் நடந்து கரை சேர்ந்தவர்களுக்கும் தமிழ்நாட்டில் சான்று உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி என்னும் சிற்றூரிலிருந்து வந்த மணத்தி கணேசன், 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, பின்னர் அர்ஜுனா விருதும் பெற்றார். அவருடைய வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் இயக்கிய 'பைசன் காளமாடன்' 2025-இல் திரைக்கு வந்த பிறகே தமிழ்நாட்டின் பெரும்பகுதியினர் அவர் பெயரை அறிந்தனர். ஆசியத் தங்கத்துக்கும் ஊரறிந்த பெயருக்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கின்றன. சேரலாதனின் தாமதம் அவர் ஒருவருடைய தாமதம் அன்று என்பதை இது காட்டுகிறது.

இத்தகைய நிலை கபடிக்கு மட்டும் நேர்ந்ததா? இல்லை. கடல் கடந்து பிரான்சுக்குப் போனால் இதற்கு நிகரான ஒரு வரலாறு கிடைக்கிறது. அதையும் இந்த அவை கேட்க வேண்டும். ரக்பி என்னும் ஆட்டம் இரண்டு வகைப்படும்: பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன் ஒன்று, பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக் மற்றொன்று. இந்தப் பிரிவு 1895-இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் உண்டாயிற்று. வடக்கு இங்கிலாந்தின் ஆட்டக்காரர் பலர் நூற்பாலையிலும் சுரங்கத்திலும் உழைத்தவர்கள். சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். போன கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்று அவர்களுடைய சங்கங்கள் கேட்டன. ஆட்டத்தை நடத்திய மேட்டுக்குடியினர் மறுத்தனர். சங்கங்கள் பிரிந்து தனி ஆட்டம் கண்டன. நூற்பாலைச் சங்கொலிக்கு எழுந்து பழகிய கொங்கு நாட்டாருக்கு அந்தக் கோரிக்கையின் நியாயத்தை விளக்கத் தேவையில்லை.

அந்தப் பதின்மூவர் ஆட்டம் 1934-இல் ஜான் கலியா என்பவரின் முயற்சியால் பிரான்சில் வேர்விட்டு, சில ஆண்டுகளிலேயே தெற்குப் பிரான்சின் நகரங்களில் வேகமாகப் பரவியது. இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் வீழ்ந்தபின் அமைந்த விஷி அரசு 1941 டிசம்பரில் ஓர் ஆணை பிறப்பித்து, ரக்பி லீக் அமைப்பைக் கலைத்து, அதன் சொத்துகளையும் பறித்தது. ஓர் ஆட்டத்தை அரசு தடை செய்தது என்பதும், அதன் பணத்தையும் உடைமையையும் எடுத்துக்கொண்டது என்பதும் இன்று கேட்போருக்கு நம்ப முடியாத செய்தியாக இருக்கலாம். பறிபோனவை பின்னர் திருப்பித் தரப்படவில்லை. போர் முடிந்து ஆட்டம் மீண்ட பிறகும்கூட, 1990-களின் தொடக்கம் வரை 'ரக்பி' என்ற பெயரையே அதிகாரமுறையில் வைத்துக்கொள்ள அதற்கு உரிமை இல்லை. 'பதின்மூவர் ஆட்டம்' என்றே அது அழைக்கப்பட வேண்டியிருந்தது.

தடை வந்த அந்த டிசம்பரில் பதினாறு வயதினராக இருந்த ஒரு சிறுவர்தான் புய்க் ஒபேர். 1925-இல் ஜெர்மனியின் ஆண்டர்நாக்கில் பிறந்து தெற்குப் பிரான்சில் வளர்ந்த அவர், கார்காசோன் நகர அணியில் 'ஃபுல்பேக்' என்னும் கடைக்காவல் இடத்தில் ஆடினார். களத்தின் கடைசி வரிசையில் ஒருவராக நின்று, எல்லாரையும் தாண்டி வருபவரைத் தடுப்பதும், பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்துப் புள்ளி சேர்ப்பதும் அவர் வேலை. புகைப்பழக்கத்தால் 'பிப்பெட்' என்ற செல்லப் பெயர் பெற்ற அந்த மனிதர், உடற்பயிற்சியில் நாட்டமில்லாதவர் என்று பெயரெடுத்தவர். ஆனால் உதைத்தால் பந்து சொன்ன இடத்துக்குப் போகும். 1951-இல் அவருடைய தலைமையில் பிரெஞ்சு அணி ஆஸ்திரேலியாவுக்குச் சென்றது. சிட்னியில் நடந்த முதல் டெஸ்டை சுமார் 60,000 பேர் பார்த்தனர். பிரான்ஸ் 26–15 என்று வென்றது, பிரிஸ்பேனில் தோற்றது, மீண்டும் சிட்னியில் 35–14 என்று வென்று தொடரைக் கைப்பற்றியது. அந்தப் பயணத்தில் மட்டும் புய்க் ஒபேர் 200 புள்ளிகளுக்கு மேல் குவித்தார். அதே ஆண்டு 'லெக்கிப்' விளையாட்டு நாளேடு அவரைப் பிரான்சின் தலைசிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தது. பத்தாண்டுகளுக்கு முன் அரசாணையால் கலைக்கப்பட்ட ஓர் ஆட்டத்தின் பிள்ளை, அந்நாட்டின் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் முதல்வராக அறிவிக்கப்பட்டார்!

இங்கே இரு வாழ்க்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புய்க் ஒபேரின் ஆட்டத்தை அரசு வெளிப்படையாகத் தடுத்தது. ஆனால் அந்தத் தடை சில ஆண்டுகளில் நீங்கியது, அவர் இருபத்தாறு வயதில் உலகின் உச்சியைத் தொட்டார். சேரலாதனின் ஆட்டத்தை எவரும் தடுக்கவில்லை. எந்த ஆணையும் வரவில்லை, எந்தச் சொத்தும் பறிபோகவில்லை. ஆயினும் அவருடைய இருபத்தாறு வயது எந்தத் திரையிலும் பதிவாகாமல் கழிந்தது. அவருடைய இளமைக்கால ஆட்டங்களின் ஒளிப்பதிவை இன்று தேடினால் என்ன கிடைக்கும்? தடையைக் காட்டிலும் பாராமுகம் ஓர் ஆட்டக்காரரின் வாழ்நாளில் கூடுதல் ஆண்டுகளைத் தின்றுவிடுகிறது என்பது கடுமையான முடிவாகத் தோன்றலாம். இந்த இரு வாழ்க்கைகளின் ஆண்டுக்கணக்கு அந்த முடிவுக்கே கொண்டுசேர்க்கிறது.

2014 ஜூலையில் புரோ கபடி லீக் தொடங்கியது. மண்தரைக்குப் பதிலாகச் செயற்கை விரிப்பு, வண்ண விளக்கு, நேரடி ஒளிபரப்பு, ஏலம் எல்லாம் ஒருங்கே வந்தன. முதல் ஆண்டு ஏலத்தில் மிக உயர்ந்த விலை பெற்ற ராகேஷ் குமாருக்குக் கிடைத்தது 12 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய். நான்கே ஆண்டுகள் கழித்து, 2018-இல் மோனு கோயத்துக்கு ஹரியானா ஸ்டீலர்ஸ் கொடுத்தது 1 கோடியே 51 இலட்சம். ஆட்டம் மாறவில்லை, கோடுகள் மாறவில்லை, பிடி மாறவில்லை. பார்ப்போர் வந்தனர், அவ்வளவே.

பெங்களூரு புல்ஸ் அணியில் தொடங்கிய சேரலாதன் 2016-இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைவரானார். தஞ்சைத் தமிழர் ஒருவர் பீகார் தலைநகரின் அணிக்குத் தலைமை ஏற்று, ஹரியானா இளைஞர்களையும் ஈரானியரையும் ஓரணியாக நடத்தினார். மொழி வேறு, உணவு வேறு, தலைமுறை வேறு; ஆனாலும் அவர்களுடைய வாயில் அவர் 'அண்ணா'தான். அந்த விளிப்பு அணியை விட்டு அணிக்கு அவரைத் தொடர்ந்து வந்து, கடைசியில் ரசிகர்களும் எடுத்துக்கொண்ட பெயராயிற்று. 2016 ஜூலை 31 அன்று ஹைதராபாத்தில் நடந்த இறுதியாட்டத்தில் பாட்னா, ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸை 37–29 என வென்றது. பாடிச் செல்வதில் இளைஞர் பர்தீப் நர்வாலின் புள்ளிகள் பேசப்பட்டன, அது நியாயமே. ஆனால் பாடிச் செல்பவர் துணிந்து செல்லவேண்டுமானால், தாம் வெளியேறினாலும் பின்னே நிற்போர் களத்தைக் காப்பார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு வேண்டும். பிடித்து ஆடுவோரின் உழைப்பு புள்ளிப்பட்டியலில் பாதிதான் தெரியும்.

அந்த அணியில் சேரலாதனுக்கு எதிர் ஓரத்தில், இடது கார்னரில் நின்றவர் ஃபாசல் அத்ராசலி. ஈரானின் கொன்பத்-இ காவூஸைச் சேர்ந்தவர், 1992-இல் பிறந்தவர், சேரலாதனைவிடப் பதினேழு வயது இளையவர். ஒரு கார்னர் பிடிக்கத் துணிவதற்கு எதிர்க் கார்னரின் மேல் நம்பிக்கை வேண்டும். ஒருவர் பாய்ந்தால் மற்றவர் வளைவை உள்ளிழுத்துப் பின்பக்கத்தை அடைக்க வேண்டும். ஜூலையில் அப்படி ஒரே வளைவின் இரு முனைகளாக நின்ற இருவரும் அக்டோபரில் எதிரெதிர் நாட்டு அணிகளில் இருந்தார்கள்.

2016 அக்டோபர் 7 முதல் 22 வரை அகமதாபாத்தில் உலகக் கோப்பை நடந்தது. பன்னிரண்டு நாடுகள் ஆடின. கென்யாவும் போலந்தும் அர்ஜென்டினாவும்கூட வந்திருந்தன. தொடக்க ஆட்டத்திலேயே இந்தியா தென் கொரியாவிடம் 32–34 என்று தோற்றது. ஆசியத் தங்கத்தைத் தாய்வீட்டுச் சீதனம்போல் எண்ணியிருந்த நாட்டுக்கு அது பெரும் அதிர்ச்சி. பின்னர் அணி எழுந்தது. அரையிறுதியில் தாய்லாந்தை 73–20 என்று வென்று இறுதிக்கு வந்தது. எதிரே ஈரான். இடைவேளையில் ஈரான் 18–13 என முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதியில் அஜய் தாக்கூர் அடுத்தடுத்துப் பாடிச் சென்று புள்ளிகள் எடுக்க, இந்தியா 38–29 என்று வென்றது. அனுப் குமாரின் தலைமையில் இருந்த அந்தப் பதினான்கு பேர் கொண்ட அணியில் சேரலாதனும் ஒருவர். தமிழ்நாட்டு ஆட்டக்காரர் ஒருவர் 41 வயதில் உலகக் கோப்பையைத் தொட்டார். பல ஆண்டு முன்பே தொட்டிருக்க வேண்டிய கை அது என்று சொன்னால் மிகையாகாது.

இத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. புனேரி பல்தான் அணிக்கு ஆடினார். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் ஈரான் 27–18 என்று இந்தியாவை வீழ்த்தி, ஏழு தங்கங்களின் தொடரை அறுத்தது. அந்த ஈரான் அணியின் காவலுக்கு உயிர்நாடியாக இருந்தவர் அதே ஃபாசல். சில வாரங்களில் தொடங்கிய லீக்கில் யு மும்பா அணி ஃபாசலை 1 கோடி ரூபாய்க்கு எடுத்திருந்தது. அந்த அணியின் வலது கார்னரில் நின்றவர் யார்? 43 வயது சேரலாதன். பாட்னாவின் இரு ஓரங்களும் மும்பையில் மீண்டும் சேர்ந்தன. இம்முறை தலைவர் ஃபாசல், அண்ணன் அவருடைய அணியில் ஒருவர். தமக்குப் பதினேழு வயது இளையவரின் தலைமையில், தாம் முன்பு தலைமை தாங்கிய அதே கூட்டணியில், மூத்தவர் மனக்குறையின்றி ஓரத்தில் நின்று ஆடினார். ஓர் ஆட்டக்காரரின் குணத்தை அளக்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. அடுத்த ஆண்டு ஹரியானா ஸ்டீலர்ஸ் அவரையே தலைவராக்கியது. கபடியின் கோட்டை என்று தன்னை அழைத்துக்கொள்ளும் மாநிலத்தின் அணிக்கு ஒரு தமிழர் தலைமை ஏற்றார். 2021 டிசம்பரில் தொடங்கி 2022-இல் முடிந்த எட்டாவது பருவத்தில் ஜெய்ப்பூருக்கு ஆடினார்.

இதில் ஒன்றை அவை கவனித்திருக்கும். பெங்களூரு, பாட்னா, புனே, மும்பை, ஹரியானா, ஜெய்ப்பூர் எல்லாம் வந்தன, தமிழ்நாடு வரவில்லை. 2017-இல் தமிழ் தலைவாஸ் அணி தொடங்கியபோது அதன் முதல் தலைவராக நின்றவர் இமாசலப் பிரதேசத்தின் அஜய் தாக்கூர். அவர் மாபெரும் ஆட்டக்காரர். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆயினும் உலகக் கோப்பையை வென்ற தமிழ்க் கார்னர் ஒருவர் களத்தில் ஆடிக்கொண்டிருந்த ஆண்டுகளில், லீக்கில் தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கிய சட்டையை ஒருமுறையும் அணியாமல் அவருடைய ஆட்ட நாட்கள் முடிந்தன என்பது ஏலத்தின் கணக்கில் இயல்பானதாக இருக்கலாம். தமிழ்நாட்டுக் கபடி ரசிகருக்கு அது நெஞ்சில் தைக்கும் செய்தியே.

அவ்விடைவெளி பின்னர் வேறொரு வழியில் அடைபட்டது. 2024-இல் நடந்த பதினொன்றாம் பருவத்தில், தலைமைப் பயிற்சியாளர் உதயகுமாரோடு, ஆட்ட உத்திகளை வகுக்கும் பயிற்சியாளராகத் தமிழ் தலைவாஸ் சேரலாதனை அமர்த்தியது.

கோபி வட்டாரத்துக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது என்ன? கொடிவேரியிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் இந்த வயல்களில் அறுவடை முடிந்ததும் சடுகுடு ஆடாத ஊர் இல்லை. உழுத மண்ணில் வெறுங்காலால் ஆடிப் பழகிய ஓர் இளைஞர் மாநிலத் தேர்வுக்குப் போகும்போது, காலணி அணிந்து வழுக்காத செயற்கை விரிப்பில் ஆட வேண்டியிருக்கிறது. மண்ணில் கால் சறுக்கும்; அந்தச் சறுக்கலைக் கணக்கிட்டே அவர் திரும்பப் பழகியிருப்பார். விரிப்பில் கால் அப்படியே நிற்கும். உடல் மட்டும் திரும்பும். முழங்கால் தசைநார் அறுந்துபோகும். கார்னராக நிற்பவருக்கு இது இன்னும் கடினம். மண்ணில் இரண்டு அடி வழுக்கிச் சென்று பற்றும் கால் பிடியை, விரிப்பில் நின்ற இடத்திலிருந்து பற்ற வேண்டும். இந்த வேறுபாட்டைப் பதினான்கு வயதில் பழகியவருக்கும் இருபத்திரண்டில் முதன்முறை காண்பவருக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இன்று உண்டு. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் பள்ளி மாணவரையும் கல்லூரி மாணவரையும் களத்துக்கு அழைக்கின்றன. சேரலாதனின் இளமையில் இல்லாத தொழில்முறை லீக்கும் இருக்கிறது. 1898 முதல் கல்வி தரும் வைர விழாப் பள்ளியைப் போன்ற பழம்பெரும் நிலையங்கள் உள்ள இந்நகரில் ஒரு முழு அளவு விரிப்பும், மாலைதோறும் வந்து கார்னருக்கும் கவருக்கும் கைசேர்ப்பு கற்றுத்தரும் ஒரு பயிற்சியாளரும் இருந்தால், திறமையுள்ள பிள்ளை நாற்பத்தொன்று வரை காத்திருக்க வேண்டியதில்லை. நூறு ஊர்களின் பொங்கல் போட்டிப் பரிசுத்தொகையில் ஒரு சிறு பகுதியை ஓராண்டு சேர்த்து வைத்தாலே அந்த விரிப்பை வாங்கிவிடலாம். போட்டி நடத்தும் மன்றத்தார் பலர் இவ்வவையில் அமர்ந்திருப்பதால், வரும் தைக்கு முன்பே அவர்கள் கூடி முடிவெடுக்க வேண்டும் என்று இவ்வுரை கேட்டுக்கொள்கிறது.